துணி அணையாடையும் பம்பஸும்

பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கிய வீட்டிலே வேலைகள் பல ஒருங்கே நடைபெறும். காயத்துக்கு வேண்டிய மல்லி, மிளகு, வேர்க்கொம்பு முதலியவற்றை ஒருவர் வறுத்து இடிப்பார். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் பெட்டியை மற்றொருவர் அடுக்குவார். இப்பெட்டியை அடுக்கும் வேளையிலேதான் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழ் வீடுகள் பலவற்றில் ஒரு சிறு விவாதம் எழுகின்றது. மாமியார் பழைய வாயில் சேலைகளைக் கிழித்து, சதுரமாக மடித்து வைத்திருப்பார். மருமகளோ காலி வீதிக் கடையிலே வாங்கிய பம்பஸ் பொதியொன்றை அதன்மேல் வைப்பாள். “பச்சைப் பிள்ளைக்கு இந்தப் பிளாஸ்ரிக் சூடு ஏன், பிள்ளை?” என்று ஒருவர் கேட்பார். “இவ்வளவு துணியையும் தோய்த்து எங்கே காயப்போடுவது, மாமி?” என்று மற்றவர் கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்கு ஒரே சொல்லில் விடையளிக்க முயல்வதனாலேதான் பிணக்கு உண்டாகின்றது.

பம்பஸ் என்பது உண்மையில் அமெரிக்கக் கொம்பனியொன்று தன் பொருளுக்கு இட்ட பெயர். இன்று எந்தக் கொம்பனியின் பொருளையும் நம்மவர் அப்பெயராலேயே அழைக்கின்றனர். குழந்தைக்கு விரிக்கும் துணியையும் கட்டும் துணியையும் குறிக்க அணையாடை என்ற நல்ல சொல் தமிழில் முன்னமே உண்டு. ஆகவே தோய்த்துப் பயன்படுத்துவதை அணையாடை என்றும், ஒருமுறை பயன்படுத்தி எறிவதைப் பம்பஸ் என்றும் இங்கே கூறிச் செல்கின்றேன்.

எறியும் பொருளின் வரலாறு நெடியதன்று. அமெரிக்காவிலே மரியன் டொனொவன் என்னும் மாது, துணிக்கு மேலே நீர் கசியாத உறையொன்றை அமைத்து, 1951 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்தே அவர் தம் முதல் முயற்சியைச் செய்தார் என்பர். காகிதத்தாலான பம்பஸ் 1961 இல் இலினோய் மாநிலத்துப் பியோரியா நகரிலே முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அது இன்று நாம் காண்பதைவிடப் பருத்தது, விரைவில் ஊறிப்போவது. பெரிய மாற்றம் 1980 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. சோடியம் பொலிஅக்கிறிலேற்று என்னும் வெண்மணித் தூளை உள்ளே இடத் தொடங்கினர். இத்தூள் தூய நீரைத் தன் நிறையைப்போல் பல நூறு மடங்கு உறிஞ்சிக் களியாக மாறும். சிறுநீரில் உப்பு இருப்பதனால் அவ்வளவு உறிஞ்சுவதில்லை. எனினும் முப்பது மடங்களவாவது உறிஞ்சும். உறிஞ்சியதை அழுத்தினாலும் எளிதில் வெளிவிடாது. பிள்ளையின் தோல்மீது படும் மேற்படை ஈரத்தைக் கீழே விடும். நடுப்படை அதைப் பிடித்து வைக்கும். வெளிப்படை கசியாது தடுக்கும். பம்பஸின் சூழ்ச்சி முழுவதும் இவ்வளவே.

இனி, மாமியார் சொல்லும் சூட்டைப் பற்றிப் பார்ப்போம். பிள்ளையின் அரையிலே தோல் சிவந்து புண்ணாவதற்குக் காரணம் பிளாஸ்ரிக் ஒன்றே என்பது சரியன்று. ஈரத்தில் ஊறிய தோல் மெலிவடைகின்றது. சிறுநீரும் மலமும் ஒன்றுசேரும்போது அவ்விடத்துக் காரத்தன்மை கூடுகின்றது. அதனால் மலத்திலுள்ள, கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும் நொதியங்கள் ஊக்கம் பெற்றுத் தோலைத் தின்கின்றன. மெலிந்த தோல்மீது துணியோ காகிதமோ உராயும்போது புண் உண்டாகின்றது. ஆகவே ஆராய வேண்டியது எவ்வளவு நேரம் ஈரம் நின்றது என்பதே. துணி அணையாடை ஈரத்தைப் பிடித்து ஒதுக்காது. நனைந்தவுடன் மாற்றினால் அதைவிட நல்லது வேறில்லை. மாற்றாது விட்டால் அதைவிடத் தீயதும் வேறில்லை. பம்பஸ் சில மணி நேரம் தோலை உலர்வாக வைத்திருக்கும். அந்த உலர்வே தாயாரை ஏமாற்றவும் கூடும். “இன்னும் கனக்கவில்லையே” என்று காலையில் இட்டதை மத்தியானம் வரை விட்டுவைப்போர் உளர். மலம் பட்டால், அது துணியாயினும் பம்பஸாயினும், அந்நேரமே கழற்ற வேண்டும்.

நம் நாட்டு வெக்கையிலே எதையும் இடாது பிள்ளையைச் சிறிது நேரம் வெறுமையாக விடுவது மிகச் சிறந்த மருந்து. இறப்பர் விரிப்பின்மேல் ஒரு துணியை இட்டு நாளில் இரண்டு மூன்று வேளை அவ்வாறு கிடத்தலாம். தோல் சிவந்தால் நாகவொட்சைட்டு கலந்த களிம்பு பூசலாம். முகப்பவுடரை அள்ளித் தூவும் பழக்கத்தை விட்டுவிடுதல் நன்று. அத்தூள் பிள்ளையின் சுவாசப்பையினுள் செல்லும். சிவப்பு மடிப்புகளுக்குள்ளும் பரவி, ஓரத்திலே சிறு பருக்கள் சிதறிக் காணப்பட்டால் அது பூஞ்சணத் தொற்றாக இருக்கலாம். அதற்குக் களிம்பு போதாது. வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

துணிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. முலைப்பால் மட்டும் அருந்தும் பிள்ளைக்குப் பால் போதுகின்றதோ என்ற கவலை முதற்பிள்ளை பெற்ற தாயர் எல்லார்க்கும் வருவது. ஐந்தாம் நாளுக்குப் பின் ஓர் இரவு பகலில் ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுகின்றது எனக் கொள்ளலாம். துணி கட்டிய வீட்டிலே இந்தக் கணக்கு எவரும் கேளாமலே தெரியும். பம்பஸோ மூன்று முறை பெய்ததையும் ஒரு முறைபோலக் காட்டும். ஈரம் பட்டால் நிறம் மாறும் கோடு சிலவற்றில் இருப்பது மெய்தான். அதுவும் நனைந்தது என்று சொல்லுமேயன்றி எத்தனை முறை என்று சொல்லாது. வீட்டுக்கு வரும் பொதுச் சுகாதார மருத்துவ மாது, “எத்தனை துணி நனைந்தது?” என்று கேட்பது இக்காரணம் பற்றியே. மலத்தின் நிறத்தையும் கவனித்தல் வேண்டும். முதலிரண்டு நாள் கரும்பச்சையாக ஒட்டிக்கொள்ளும்; பின்னர் மஞ்சளாக மாறும். அது சுண்ணாம்பு போல வெளிறினாலோ, பதினான்கு நாளுக்குப் பின்னும் உடல் மஞ்சளித்திருந்தாலோ தாமதிக்கலாகாது. பித்தநாளம் அடைபட்ட பிள்ளைக்கு முதலிரண்டு மாதத்துக்குள் செய்யும் சத்திரசிகிச்சையே பெரிதும் பயன் தரும்.

பழந்துணியைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். இதனை அறியாத வீடுகள் பல. அலுமாரியிலே பூச்சி வராதிருக்க இடும் வெள்ளை உருண்டைகள் பெரும்பாலும் நப்தலீனால் ஆனவை. அவற்றோடு ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடந்த சேலையைக் கிழித்து அன்று பிறந்த பிள்ளைக்குக் கட்டினால், நப்தலீன் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உள்ளே செல்லும். குருதிச் செங்கலங்களைக் காக்கும் ஜீ-6-பீ-டீ என்னும் நொதியம் பிறவியிலேயே குறைந்த பிள்ளைகள் உளர். ஆண் பிள்ளைகளிடையே இக்குறை அதிகம். இலங்கையிலும் இது உண்டு. அத்தகைய பிள்ளைக்குச் செங்கலங்கள் சிதைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகி, மூளையையே தாக்கக்கூடும். அக்குறை இருப்பது பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. ஒருமுறை தோய்த்தால் நப்தலீன் போய்விடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. ஆதலின் உருண்டை மணக்கும் துணி எதுவாயினும், அது பாட்டியின் கூறைச்சேலையே ஆயினும், பச்சைப் பிள்ளையின் அருகே வரலாகாது. பிள்ளைக்கென்று வைக்கும் துணியைப் பேறுகாலத்துக்குச் சில வாரம் முன்னரே தோய்த்து, வெயிலில் உலர்த்தி, உருண்டையில்லாத பெட்டியில் வையுங்கள்.

இனித் தோய்ப்பது. துணியைப் புகழ்வோர், அதைத் தோய்க்கும் கையைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். “எங்கள் காலத்தில் துணிதானே கட்டினோம்” என்று மூத்தோர் சொல்வது உண்மை. அக்காலத்தில் அத்துணியைத் தோய்த்தவர் யார்? யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளிலே பிள்ளைப்பேற்றுத் துடக்கு 31 நாள். அந்நாள்களின் துணியை வண்ணார் குலத்துப் பெண் வந்து எடுத்துச் சென்று, வெளுத்து, மாற்றுத் துணி கொண்டுவந்து கொடுத்துச் செல்வார். அது அவர் விரும்பி ஏற்ற தொழிலன்று, பிறப்பினாலே சுமத்தப்பட்டது, மறுத்துச் சொல்ல இயலாத காலமும் இருந்தது. அந்த ஏற்பாடு மறைந்தது நன்மையே. ஆனால் வேலை மறையவில்லை. வண்ணார் பெண்ணின் கையிலிருந்து அது வீட்டுத் தாயின் கைக்கு, அல்லது அம்மம்மாவின் கைக்கு, அல்லது வேலைக்கு வரும் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்தது. அறுவைச் சிகிச்சையால் பிள்ளை பெற்ற தாய், குந்தியிருந்து வாளித் துணி கசக்குவது எவ்விதத்திலும் தகாது. வீட்டிலே துணி கட்டுவதென்று தீர்மானிக்கும்போது, யார் தோய்ப்பது என்பதையும் அதே வேளையில் தீர்மானித்துவிட வேண்டும். தந்தையார் தோய்க்கட்டுமே! அதற்குத் துடக்கும் இல்லை, தடையும் இல்லை.

தோய்க்கும் முறை எளியது. மலத்தை முதலில் மலசலகூடத்திலே தட்டிக் கழுவ வேண்டும். பின் மூடியுள்ள வாளியில் ஊறவைத்து, அன்றன்றே சவர்க்காரமிட்டுத் தோய்த்து, நுரை முழுவதும் போகும்வரை இரண்டு மூன்று நீரில் அலச வேண்டும். சவர்க்காரம் தங்கிய துணியே பல வேளைகளில் புண்ணுக்குக் காரணம். மணமூட்டி மென்மையாக்கும் திரவங்களை இடலாகாது. அவை துணியின் உறிஞ்சும் திறனைக் கெடுக்கும். கிருமிநாசினி திரவத்தைத் தாராளமாக ஊற்றுவதும் வேண்டாதது. சுடுநீரும் வெயிலும் போதும். பல்கனியில் வாளியைத் திறந்தபடி நாள்கணக்கில் விடுவோர்க்கு வேறொரு கவலையும் உண்டு. 2017 இல் டெங்குக் காய்ச்சல் இந்நாட்டிலே ஓரிலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்ததை நாம் மறக்கலாகாது.

தண்ணீர்ச் செலவை அஞ்சிப் பம்பஸுக்குப் போவோர் ஒரு கணக்கைப் பார்க்கலாம். கையால் தோய்க்க நாளொன்றுக்கு நாற்பது லீற்றர் என்று வையுங்கள். மாதம் 1,200 லீற்றர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பட்டியலில் ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். ஆக ஓரலகுக்குச் சற்று மேல். அலகு கூடக் கூட விலையும் படிப்படியாக உயர்வதனால் பெரிய குடும்பத்துக்குச் சிறிது உறைக்கும். எனினும் பம்பஸின் விலைக்கு அது ஈடாகாது. முதல் மாதத்திலே பிள்ளைக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து வரை மாற்ற வேண்டிவரும், மாதத்துக்கு முந்நூறு. பின்னர் நாளொன்றுக்கு ஆறு என்று கொண்டாலும், இரண்டரை ஆண்டிலே ஐயாயிரத்தைத் தாண்டும். துணியோ இரண்டு மூன்று டசின் போதும். தம்பிக்கும் தங்கைக்கும் அதுவே உதவும். 2022 இல் ரூபா வீழ்ந்து, டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, பால்மாவைப் போலவே பம்பஸும் எட்டாத பொருளாயிற்று. அவ்வாண்டிலே பல வீடுகளில் பழஞ்சேலைகள் மீண்டும் கிழிபட்டன. மாமியார் பக்கம் காலம் ஒருமுறை சாய்ந்தது எனலாம்.

ஆனால் மருமகளின் கேள்வி இன்னும் நிற்கின்றது. எங்கே காயப்போடுவது? வெள்ளவத்தையிலே ஒரு காலத்தில் நூலும் துணியும் செய்த பெரிய ஆலை இருந்தது. அந்நிலத்திலே இப்போது ஹவ்லொக் சிற்றி என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கின்றது. துணி நெய்த ஊரிலே துணி உலர்த்த இடமில்லை என்பது வேடிக்கையே. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், முற்றமும் கிணறும் உள்ள வீடுகள் இருந்த இடங்களில் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. பல்கனியில் துணி தொங்கவிடலாகாது என்று விதி செய்த தொடர்மாடிகளும் உள. கடற்காற்று வேகமாக உலர்த்தும் என்று எண்ணலாம். ஆனால் அது உப்பும் ஈரமும் கலந்த காற்று. மாலைக்குமேல் வெளியே விட்ட துணி மறுபடி பிசுபிசுக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் கொல்லைப்புறத்துச் சிறு முற்றமாவது பலவற்றில் உண்டு. அங்கே வெயில் நேரே விழும் இரண்டு மணி நேரத்தைத் தவறவிடாத பெண்கள், ஒரு நாள் துணியை அதற்குள் உலர்த்திவிடுவர். நெருங்கிய தோட்டக் குடியிருப்புகளிலோ குழாயே பொதுக்குழாய். அங்குள்ள தாய்க்குத் துணி மலிவு, தண்ணீர் எடுக்கும் நேரம் மலிவன்று.

பம்பஸை எறிந்தபின் அது எங்கே போகின்றது? இதைக் கொட்டாஞ்சேனையாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புளூமெண்டல் குப்பைமேடு அவர்கள் வாசலிலே பல்லாண்டு கிடந்தது. 2009 ஆம் ஆண்டளவில் அது மூடப்பட்டபின் மாநகரத்துக் குப்பை மீதொட்டமுல்லையிலே குவிந்தது. 2017 ஏப்பிரில் 14 ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, அம்மேடு சரிந்து வீடுகளை மூடியது; முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் 2019 இல் புத்தளத்து அறுவைக்காட்டுக்குக் குப்பையை ஏற்றத் தொடங்கினர். 2021 இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. ஈரம் மிகுந்த குப்பை எளிதில் எரிவதில்லை. நனைந்த பம்பஸ் ஒன்று இருநூறு கிராம் நிறைக்குமெனில், ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து நாள்தோறும் ஒரு கிலோவுக்கு மேல் நீரும் பிளாஸ்ரிக்கும் வெளியேறுகின்றன. அது மக்கும் குப்பையோடு சேரத் தகாதது. சேர்ந்தால் பசளையைக் கெடுக்கும். மலசலகூடத்திலே போடுவது அதனினும் கேடு. கொழும்பின் கழிவுநீர் பழைய குழாய்களின் வழியே சென்று வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலிற் சேர்கின்றது. வீங்கிய பம்பஸ் ஒன்று அக்குழாயில் சிக்கினால் தொடர்மாடி முழுவதும் அதன் பயனை அனுபவிக்கும். கிழக்குச் சாவகத்திலே, அணையாடையை எரித்தால் பிள்ளையின் உடல் எரியும் என்ற நம்பிக்கையால், மக்கள் அவற்றைப் பிராந்தாஸ் ஆற்றில் எறிந்துவந்தனர். ஆறு பம்பஸால் நிறைந்தது. நம்மவரும் வாய்க்காலிலே எறிவதுண்டு. அதற்கு அத்தகைய நம்பிக்கையும் காரணமாகாது, சோம்பலே காரணம். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, இறுகச் சுருட்டி, மூடிய பையில் இட்டுக் குப்பை வண்டியில் சேர்ப்பதே குறைந்தபட்ச முறை.

உலகத்துச் சூழலுக்கு எது நல்லது என்பதையும் அளந்திருக்கின்றனர். பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2008 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டரை ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு ஆகும் பம்பஸ் ஏறத்தாழ 550 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு ஒப்பான கேட்டை விளைத்தது, துணியோ 570. கேட்போர் வியப்பர். காரணம், அந்நாட்டிலே சுடுநீரில் இயந்திரத் தோய்ப்பும் இயந்திர உலர்த்தலும். கொடியில் உலர்த்தி, இயந்திரத்தை நிறைத்துத் தோய்த்து, அடுத்த பிள்ளைக்கும் அதையே பயன்படுத்தினால் துணியின் கணக்கில் 200 கிலோ அளவு குறைகின்றது என்றும் அதே ஆய்வு கூறிற்று. 2023 இல் வந்த புதிய கணக்கு, துணி ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைவு என்கின்றது. நாம் இயந்திரத்தில் உலர்த்துவோர் அல்லர், கொடியிலே காயவைப்போர். ஆகவே அந்தத் தராசு நம் நாட்டிலே துணிப்பக்கம் இன்னும் தாழும் என்று துணிந்து சொல்லலாம்.

இவ்வளவும் கேட்டபின், என்ன செய்வது என்று நேயர்கள் வினவுவீர்கள். கொழும்பு வீட்டுக்கு என் கருத்து இது. முதல் மாதத்திலே பிள்ளை ஓயாது நனைக்கும். கணக்குப் பார்க்க வேண்டிய காலமும் அதுவே. வீட்டிலே தாய்க்குத் துணையாக ஆளும் பெரும்பாலும் இருக்கும். அப்போது பகலிலே துணி. இரவிலே ஒரு பம்பஸ். தாய் தூங்க வேண்டும், தூக்கம் கெட்ட தாய்க்குப் பால் கொடுப்பதே பாரமாகும். சிகிச்சைக்குப் போகும் நாளில், யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டியில் போகும் நாளில், பம்பஸ். தாயின் பிரசவ விடுமுறை வேலைநாள் 84 முடிந்து அவள் அலுவலகம் திரும்பும்போது கணக்கு மாறும். பிள்ளைப் பராமரிப்பு நிலையங்கள் பல பம்பஸையே கேட்கின்றன. அப்போது மாலையும் ஞாயிறும் துணிக்கு. கட்டும்போது எதையும் இறுக்க வேண்டாம். பிள்ளையின் தொடைகள் தவளையின் கால்போல் மடங்கி விரிய இடமிருக்க வேண்டும், இடுப்பு மூட்டுக்கு அது நன்று. ஏணையிலே கிடத்தும்போது துணிக்கு மேல் பிளாஸ்ரிக் காற்சட்டை போடுவோர் உளர். நம் வெக்கைக்கு அது ஆகாது, துணியின் நன்மையையும் அது அழித்துவிடும்.

மழைக்காலத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு தேவை. வைகாசியிலும், ஐப்பசி கார்த்திகையிலும் கொழும்பிலே தொடர்ந்து நான்கு நாள் வெயில் முகம் காட்டாதிருப்பது உண்டு. அரைகுறையாக உலர்ந்த துணியைப் பிள்ளைக்குக் கட்டுவதைவிட அந்நான்கு நாளும் பம்பஸ் இடுவதே மேல். துணிதான் வேண்டுமெனில், தடித்த பலமடிப்புத் துணியை விலக்கி, ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவைக்கக்கூடிய மெல்லிய வாயில், மஸ்லின் துண்டுகளையே வைத்துக்கொள்ளுங்கள். இரவிலே மின்விசிறியின் கீழ் கதிரை முதுகிலே விரித்துவிட்டு, காலையில் சூடான ஸ்திரிக்கைப் பெட்டியால் ஒருமுறை தேய்த்தால் அவை உலர்ந்துவிடும்.